கதையில் தண்ணீர் கொடுத்துவிடாதே

தில்லியில் மந்திர் மார்க் என்றொரு சாலை. வெள்ளைக்காரர் காலத்தில் அதன் பெயர் ரீடிங் ரோடு. பிர்லா மந்திர் இருப்பது இங்கேதான். 1939இல் அதைத் திறந்து வைக்க ஒப்புக்கொண்ட காந்தி, எந்தச் சாதிக்காரரையும் வாசலில் நிறுத்தக் கூடாது என்று நிபந்தனை போட்டார். அதே சாலையில் வால்மீகி பஸ்தி இருக்கிறது. நகரத்தின் குப்பையையும் கழிவையும் அள்ளியவர்களின் குடியிருப்பு அது. 1946-47இல் அங்குள்ள வால்மீகி கோயிலை ஒட்டிய அறையில் காந்தி மாதக்கணக்கில் தங்கியிருந்தார். பஸ்திப் பிள்ளைகளுக்குப் பாடமும் நடத்தினார். அந்த அறையையும் கரும்பலகையையும் இன்றும் போய்ப் பார்க்கலாம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்றும் இந்தச் சாலையில்தான் இருக்கிறது என்பதை அங்கே போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஓய்வு பெறும்வரை நான் தில்லியில் வேறொரு பள்ளியில் சமூக அறிவியல் நடத்தினேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அந்த அறைக்கு அழைத்துப் போவது வழக்கம். காந்தியைப் பற்றிக் கேட்பார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். பிள்ளைகள் கேட்பது பிள்ளைகளைப் பற்றி. "இங்க உக்காந்து படிச்சவங்க பேரு என்ன மேம்?" "பாடம் முடிஞ்சதும் பிர்லா மந்திர் தோட்டத்துல போய் விளையாடுவாங்களா?" அங்கே வந்து காந்தியைச் சந்தித்த பிரிட்டிஷ் அமைச்சர் கிரிப்ஸின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. கரும்பலகைக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தவர்களின் பெயர் பாடத்தில் வருவதில்லை. வரலாற்றுக் கதைக்கு வேலை தொடங்குகிற இடம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

தமிழில் வரலாற்றுக் கதை என்றதும் நமக்குக் கல்கியும் சாண்டில்யனும்தான் நினைவுக்கு வருவார்கள். அரசன், குதிரை, சுரங்கப் பாதை, ஓலை கொண்டுபோகும் வீரன். அவற்றைப் படித்து வளர்ந்தவள்தான் நானும். அந்தச் சுவையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உரிமைப் போராட்டத்தின் வரலாற்றுக் கதையில் வருகிற பொருள்கள் வேறு. ஒரு பானை, ஒரு பேருந்து இருக்கை, பள்ளிக்கூட மூலையில் விரித்த கோணிப்பை, ஒரு மாட்டுவண்டி. இவற்றை வைத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மனத்தில் ஒரு காலத்தை எழுப்ப முடியுமா என்று தில்லியிலிருந்த பலர் பல காலமாக முயன்றிருக்கிறார்கள். அந்த முயற்சிக்கு ஒரு வரலாறு உண்டு.

பாடப் புத்தகத்திலிருந்தே தொடங்குகிறேன். என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் தேசியக் கலைத்திட்டம் 2005இன் அடிப்படையில் எழுதிய 'சமூக, அரசியல் வாழ்க்கை' நூல்கள் 2006 முதல் வகுப்பறைக்கு வந்தன. அதற்கு முன் குடிமையியல் என்றால் மக்களவையில் எத்தனை உறுப்பினர், ஆளுநரை நியமிப்பவர் யார் என்பதுதான். புதிய நூல்கள் கதையாகப் பேசின. ஏழாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடம் சமத்துவம். வாக்குச்சாவடி வரிசையில் நிற்கிறாள் காந்தா என்ற வீட்டு வேலைக்காரப் பெண். முதலாளிக்கும் ஒரு ஓட்டு, அவளுக்கும் ஒரு ஓட்டு என்று மகிழ்கிறாள். வீட்டுக்குத் திரும்பினால் சாக்கடை, மருத்துவமனையில் இன்னொரு வரிசை. அவள் கற்பனைப் பாத்திரம். அடுத்து வருகிற தலித் எழுத்தாளர் ஓம்பிரகாஷ் வால்மீகி உண்மை மனிதர். சிறுவயதில் அவரை வகுப்பில் உட்காரவிடாமல் பள்ளியையும் மைதானத்தையும் பெருக்கச் சொன்னார் தலைமையாசிரியர். மூன்றாம் நாள் அவ்வழியே வந்த தந்தை பார்த்துவிட்டு, துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்தார். அதே பாடத்தின் பின்பகுதியில் அமெரிக்காவும் வருகிறது: 1955 டிசம்பர் 1, மாண்ட்கோமரி நகரப் பேருந்து, இருக்கையை விட்டு எழுந்திருக்க மறுத்த ரோசா பார்க்ஸ், அதைத் தொடர்ந்த கறுப்பின மக்களின் குடிமை உரிமை இயக்கம், 1964ஆம் ஆண்டுச் சட்டம்.

இந்த மூன்றையும் ஒரே வாரத்தில் நடத்தும்போது வகுப்பில் ஒன்றைக் கவனித்தேன். ரோசா பார்க்ஸ் பாடத்தில் எல்லாக் கைகளும் உயரும். ஆத்திரப்படுவார்கள். நாடகம் போடலாமா என்பார்கள். பெஞ்சுகளை நகர்த்திப் பேருந்து செய்துவிடுவார்கள். வால்மீகி பாடத்தில் வகுப்பு அடங்கிவிடும். துடைப்பத்தை வைத்து நாடகம் போடலாம் என்று யாரும் சொன்னதில்லை. அமெரிக்கா தொலைவில் இருக்கிறது, அங்கே கோபப்பட ஒரு செலவும் இல்லை. பெருக்கச் சொன்ன தலைமையாசிரியர் நம் தெருவில் இருக்கக்கூடியவர். தொலைவிலிருந்து தொடங்கி வீட்டுக்கு வருவதா, வீட்டில் தொடங்கித் தொலைவுக்குப் போவதா என்று ஆசிரியர்கள் பலமுறை விவாதித்திருக்கிறோம். தொலைவிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் முடிவு. ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது.

அந்தப் பாடத்தில் ஒரு சொல்லை மட்டும் நான் ஏற்றுக்கொண்டதில்லை. நாள் முழுக்க வேலை செய்து களைத்துப்போய் ரோசா பார்க்ஸ் எழுந்திருக்க மறுத்தார் என்று அதில் வரும். உடம்புக் களைப்பு காரணமில்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து அலுத்ததுதான் காரணம் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் மாண்ட்கோமரியில் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர். அந்த ஆண்டு கோடையில் ஹைலேண்டர் நாட்டுப்புறப் பள்ளிக்குப் போய்ப் பயிற்சி பெற்று வந்தவர். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2 அன்று, கிளாடெட் கோல்வின் என்ற பதினைந்து வயது மாணவி அதே ஊரில் அதே காரணத்துக்காகக் கைதாகியிருந்தாள். இதையெல்லாம் விட்டுவிட்டுக் கால் வலித்த ஒரு பெண் என்று சொன்னால் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? நல்லவர் ஒருவருக்குக் கால் வலித்தால் நாடு மாறிவிடும் என்றுதான். 381 நாள் பேருந்தில் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போன சமையல்காரிகளும் துணி வெளுத்தவர்களும் அதில் காணாமல் போய்விடுகிறார்கள்.

அந்த நடைக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங் 1959 பிப்ரவரி 10 அன்று தில்லிக்கு வந்தார். அன்று இரவு நேருவோடு விருந்து, பிறகு ராஜ்காட்டில் மலர்வளையம், நாடு முழுக்க ஒரு மாதப் பயணம். நம் மதுரையையும் காந்திகிராமத்தையும் பார்த்திருக்கிறார். பிள்ளைகளுக்கு நான் சொல்வது இந்தப் பயணத்தில் திருவனந்தபுரத்தில் நடந்ததைத்தான். ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு தன் நாட்டில் தன் மக்கள் இருக்கும் நிலையை நினைத்துப் பார்த்து, ஆமாம், நான் அப்படித்தான் என்று உணர்ந்ததாக 1965இல் தேவாலய உரையில் அவரே சொன்னார். அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கண் வழியாக இதை எழுது என்றால், பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள்.

கிங்கின் இயக்கம் பிள்ளைகளுக்கான கதையை எப்படிப் பயன்படுத்தியது என்பதும் இங்கே முக்கியம். மாண்ட்கோமரிப் போராட்டம் முடிந்த அடுத்த ஆண்டே, 1957இல், அதைப் பதினாறு பக்கச் சித்திரக்கதையாக அச்சிட்டு பத்து சென்ட் விலைக்குக் கொண்டுவந்தது நல்லிணக்கத் தோழமை என்ற அமைதி இயக்கம். சுமார் இரண்டரை லட்சம் பிரதிகள். தேவாலயங்களிலும் கல்லூரிகளிலும் கைமாறிக் கைமாறிப் போனது. அதில் காந்தியும் வருகிறார். அதைப் படித்த இளைஞர்களில் ஒருவர் ஜான் லூயிஸ். பிற்காலத்தில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகி, தன் வாழ்க்கையையே 'மார்ச்' என்ற பெயரில் மூன்று சித்திர நூல்களாகக் கொண்டுவந்தார்.

அதே 1957இல் தில்லியிலும் இரண்டு நிறுவனங்கள் பிறந்தன. கார்ட்டூனிஸ்ட் சங்கர் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையைத் தொடங்கினார். பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் உள்ள நேரு இல்லம் அதன் முகவரி. அரசு தேசியப் புத்தக அறக்கட்டளையை நிறுவியது. நேருவின் பெயரில் அது கொண்டுவந்த சிறுவர் நூல் வரிசை பல இந்திய மொழிகளில் மலிவு விலையில் வந்தது. தில்லித் தமிழ் வீடுகளில் அம்மாக்கள் படித்துக் காட்டிய தமிழ்ப் படக்கதைகளில் பல அந்த வரிசையைச் சேர்ந்தவை. இந்த இரண்டு நிறுவனங்களும் செய்த நன்மை பெரிது. ஆங்கிலேயப் பிள்ளைகளின் கதைகளை மட்டுமே படித்துக்கொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு நம் மாமரத்தையும் நம் யானையையும் கொடுத்தார்கள்.

உரிமைப் போராட்டம் என்று வரும்போது மட்டும் அந்தக் காலத்துப் புத்தகங்களில் தலைவர்கள்தான் இருந்தார்கள். பிறந்தார், படித்தார், சிறை சென்றார், மறைந்தார். 1967இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதைக்கும் தில்லியோடு ஒரு தொடர்பு உண்டு. தில்லியில் ஒரு தொலைக்காட்சி வினாடி வினாவில் கிரேக்கக் கடவுள்களைச் சரியாகச் சொன்ன மாணவர்கள் இராமனின் தாய் பெயரைச் சொல்லத் தடுமாறினார்கள்; அதைப் பார்த்த பிறகுதான் தனக்கு அந்த எண்ணம் வந்தது என்பார் அவர். புராணங்களில் தொடங்கிய அந்த வரிசையில் அம்பேத்கர் வந்து சேர்ந்தது 1979இல்.

சங்கரையும் அம்பேத்கரையும் இணைக்கிற இன்னொரு நிகழ்ச்சி உண்டு. அரசியலமைப்புச் சட்டம் எழுதி முடிக்கத் தாமதமாகிறது என்று 1949இல் சங்கர் ஒரு கேலிச்சித்திரம் போட்டார். நத்தை மேல் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. 2006இல் வந்த பதினோராம் வகுப்புப் பாடநூலில் அது இடம்பெற்றது. 2012 மே மாதம் நாடாளுமன்றத்தில் பெரும் கொந்தளிப்பு, படம் நீக்கப்பட்டது. நூலின் தலைமை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் விலகினார்கள். அடுத்த மாதமே 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய ஆர்.கே. லட்சுமணின் படத்துக்குத் தமிழ்நாட்டுத் தலைவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆசிரியர் அறையில் இதைப் பற்றி இரண்டு பக்கமும் பேசினார்கள். நான் நினைத்தது இதுதான்: வகுப்பில் சங்கரின் படத்தைப் பார்க்கப்போகிற நாற்பது பேரில், அம்பேத்கரின் படத்தை மட்டுமே வீட்டுச் சுவரில் மாட்டி வளர்ந்த பிள்ளை இருக்கும். சாட்டை என்பது அந்தப் பிள்ளைக்கு வெறும் கோடு இல்லை. அந்தப் பிள்ளையை மனத்தில் வைக்காமல் இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாது.

இப்போது அந்த மாட்டுவண்டிக்கு வருகிறேன். ஆறாம் வகுப்புப் பாடத்தில் அது உண்டு. அம்பேத்கரின் தன்வரலாற்றுக் குறிப்புகளில் விரிவாகவே இருக்கிறது.

1901. பீமராவுக்கு ஒன்பது வயது. கோரேகாவில் வேலை பார்க்கும் அப்பா கோடை விடுமுறைக்கு வரச் சொல்லி எழுதியிருக்கிறார். அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் சதாராவிலிருந்து ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். புதுச் சட்டை, பளபளக்கும் தொப்பி, பட்டுக்கரை வேட்டி, புதுச் செருப்பு. கடிதம் சேர்ந்தும் வேலையாள் சொல்ல மறந்ததால் அழைத்துப் போக யாரும் வரவில்லை. நல்ல உடையைப் பார்த்துப் பிராமணப் பிள்ளைகள் என்று எண்ணிய நிலைய அதிகாரி, விசாரித்ததும் தீண்டாமைக்கு ஆளான மகர் சாதி என்று தெரிந்து முகம் மாறி நகர்ந்துவிடுகிறார். எந்த வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளத் தயாரில்லை. கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஒருவர் சம்மதிக்கிறார்; வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். கையில் சாப்பாடு இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் இல்லை. இரவில் சுங்கச்சாவடி வருகிறது. மகர் என்று சொன்னால் தண்ணீர் கிடைக்காது, முஸ்லிம் என்று சொல் என்கிறார் வண்டிக்காரர். பீம் உருதுவில் கேட்கிறான். உங்களுக்கு யார் இங்கே தண்ணீர் வைத்திருக்கிறார்கள், மலையில் இருக்கிறது, போய்க் குடித்துக்கொள் என்று பதில் வருகிறது. சோறு இருந்தும் பட்டினியாகப் படுக்கிறார்கள்.

இதைப் படித்துக் காட்டியதும் வகுப்பில் முதலில் வருகிற கேள்வி இந்தியில்தான் வரும்: "யே சச் ஹை க்யா, மேம்?" உண்மைதான் என்பேன். அதன் பிறகு ஒரு பயிற்சி. இந்த நிகழ்ச்சியில் இல்லாத ஒருவரை நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம். அவர் கண்ணால் பார்த்ததாகக் கதையை எழுதுங்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு. அம்பேத்கர் சொன்னதைப் பேனாவால் எழுத வேண்டும், நீங்கள் கற்பனை செய்ததைப் பென்சிலால் எழுத வேண்டும்.

இந்தப் பேனா, பென்சில் முறையில் பிள்ளைகளின் கவனம் கூர்மையாகும். "புதுச் செருப்பு பேனாவா, பென்சிலா?" என்று புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். மசூரில் அந்த நேரம் வெயில் அடித்ததா என்று எழுதுமுன் யோசிப்பார்கள். வண்டி மாட்டின் நிறம் பென்சில், வண்டிக்கூலி இரட்டிப்பு பேனா. வரலாற்றாசிரியன் செய்கிற வேலையின் முதல் பாடத்தை இதைவிட எளிதாக நான் வேறெதிலும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆனால் திருத்த உட்கார்ந்தால், ஒவ்வொரு ஆண்டும் பெரும்பாலான நோட்டுகளில் ஒரே முடிவுதான் இருக்கும். சுங்கச்சாவடிக்காரருக்கு ஒரு மகள் இருப்பாள். அப்பா தூங்கியதும் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு, பின்வாசல் வழியே வருவாள். பீம் குடிப்பான். சில நோட்டுகளில் அவன் அவளிடம், "நான் வளர்ந்து சட்டம் எழுதுவேன்" என்று சொல்லவும் செய்வான்.

நல்ல மனசுதான் அப்படி எழுத வைக்கிறது. தாகத்தோடு ஒரு பிள்ளையை விட்டுவிட்டு எந்தப் பிள்ளையாலும் தூங்க முடியாது. அந்த நோட்டை நான் கடிந்துகொண்டதே இல்லை. திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொல்வேன்: "கதையில் தண்ணீர் கொடுத்துவிடாதே. அன்று ராத்திரி அவனுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை."

இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மஹாட் சத்தியாக்கிரகம் என்று நாம் படிக்கிற நிகழ்ச்சி, 1927 மார்ச் 20 அன்று மஹாட் ஊரின் சவதார் குளத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தது, அந்தத் தாகத்தில்தான் வேர் பிடித்திருக்கிறது. ஒரு செம்புத் தண்ணீரைப் பென்சிலால் கொடுத்துவிட்டால், இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு அத்தனை பேர் ஏன் ஒரு குளத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள் என்பது பிள்ளைக்குப் புரியாமல் போகும். போதாக்குறைக்கு, அந்தச் செம்பு எப்போதும் மேல்சாதி வீட்டிலிருந்தே வருகிறது. தாகித்தவர்கள் காத்திருக்கிறார்கள், நல்லவர்கள் கொண்டுவந்து தருகிறார்கள். நடந்த வரலாறு இதற்கு நேர்மாறு. தாகித்தவர்கள் தாங்களே நடந்து போய்க் குடித்தார்கள்.

அப்படியானால் கற்பனைக்கு இடமே இல்லையா என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்குக் கிறிஸ்டோபர் பால் கர்ட்டிஸ் 1995இல் எழுதிய வாட்சன் குடும்பத்தின் பர்மிங்ஹாம் பயணக் கதையைக் கொடுத்தேன். 1963இல் மிச்சிகன் மாநிலத்திலிருந்து ஒரு கறுப்பினக் குடும்பம் காரில் தெற்கே போகிறது. புத்தகத்தின் பெரும்பகுதி அண்ணன் தம்பிச் சண்டை, சிரிப்பு, அம்மாவின் அதட்டல். செப்டம்பர் 15 ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் குண்டு வெடிக்கிறது. கதை சொல்லும் சிறுவன் தங்கை உள்ளே இருக்கிறாள் என்று ஓடுகிறான், அவள் தப்பித்துவிட்டாள். ஆனால் உண்மையில் அன்று இறந்த நான்கு சிறுமிகளைக் கர்ட்டிஸ் தப்பிக்க விடவில்லை. அடி மே காலின்ஸ், டெனிஸ் மெக்நெய்ர், கரோல் ராபர்ட்சன், சிந்தியா வெஸ்லி ஆகிய அவர்களின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. கற்பனைத் தங்கையைப் பென்சில் காப்பாற்றலாம். பேனாவால் எழுதப்பட்ட நால்வரை அது தொடக் கூடாது. மாணவி இரண்டு நாளில் படித்து முடித்துவிட்டு வந்து, "அப்போ வண்டிக்குள்ள ஒரு நாய்க்குட்டி இருக்கலாமா மேம்?" என்றாள். இருக்கலாம் என்றேன். அதற்கும் தாகம் எடுத்தது என்று எழுதினாள்.

தில்லியில் இந்த நுட்பத்தை முழுமையாகப் புரிந்துகொண்ட புத்தகம் 2011இல் வந்தது. எழுத்தாளர் ரவிக்குமாரும் எஸ். ஆனந்தும் 2003இல் தொடங்கிய நவயானா பதிப்பகம், பின்னர் தில்லிக்கு வந்து 'பீமாயணா' என்ற சித்திர நூலை வெளியிட்டது. ஸ்ரீவித்யா நடராஜனும் ஆனந்தும் கதை அமைக்க, போபாலில் வாழும் பர்தான் கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்தார்கள். இன்றைய நகரத்தில் ஒரு பேருந்து நிறுத்தம். இடஒதுக்கீட்டைப் பற்றிப் புலம்பும் ஒருவருக்கு ஒரு பெண் அம்பேத்கரின் கதையைச் சொல்லத் தொடங்குகிறாள். அந்தப் பெண்ணும் அந்த நிறுத்தமும் கற்பனை. அவள் சொல்கிற தண்ணீர், தங்குமிடம், பயணம் பற்றிய நிகழ்ச்சிகள் அம்பேத்கர் எழுதியவை. வழக்கமான சித்திரக்கதைக் கட்டங்களுக்குள் தங்கள் மனிதர்களை அடைக்க வியாம் தம்பதி மறுத்துவிட்டார்கள். அன்பான பேச்சு பறவை வடிவக் குமிழியில் வரும். கொடுஞ்சொல்லின் குமிழிக்குத் தேள் கொடுக்கு. எழுத்துக் கூட்டிப் படிக்கிற சின்னப் பிள்ளைகூட, யார் பேச்சு கொட்டும் என்று வாசிக்கும் முன்பே கண்டுபிடித்துவிடும்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2010இல், சென்னை தாரா புக்ஸ் மார்ட்டின் லூதர் கிங்கின் வாழ்க்கையை ஒரு படநூலாகக் கொண்டுவந்தது. எழுதியவர் ஆர்தர் ஃபிளவர்ஸ் என்ற கறுப்பினக் கதைசொல்லி. வரைந்தவர் மனு சித்ரகார் என்ற வங்காளத்துப் பட்டுவா. சுருளில் படம் எழுதி ஊர் ஊராகப் பாடிப் போகிற மரபைச் சேர்ந்தவர். அலபாமாவின் தெருக்கள் மேதினிப்பூர்ச் சுவர்கள் போல இருக்கும். தொலைவிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியை இந்தப் புத்தகம் போலக் காட்டிய வேறொன்றை நான் பார்த்ததில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

தமிழில் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு நான் பாமாவின் 'கருக்கு' நூலிலிருந்து அந்த வடைப் பொட்டலக் காட்சியைச் சொல்வேன். பெரியவர் ஒருவர் பொட்டலத்தைக் கயிற்றில் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார். பார்த்த சிறுமி வேடிக்கை என்று சிரிக்கிறாள். அவர் கை பட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி என்று அண்ணன் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு நின்று கோபம் வருகிறது. அது 1992இல் வந்த தன்வரலாறு, கதையல்ல. ஆனாலும் ஒரு பிள்ளையின் கண் எப்படிப் பார்க்கும் என்பதற்கு நம் மொழியில் அதைவிட நல்ல பாடம் இல்லை.

சக ஆசிரியர்களிடம் நான் வலியுறுத்துகிற ஒரு விஷயம் உண்டு. இந்தப் பாடங்களின்போது, "உங்க வீட்டுல இப்படி நடந்திருக்கா?" என்று எந்தப் பிள்ளையையும் எழுப்பிக் கேட்கக் கூடாது. அந்தக் கேள்வி எந்தப் பிள்ளையைத் தேடிப் போகும் என்று கேட்பவருக்கும் தெரியும், வகுப்புக்கும் தெரியும். கதை அந்தப் பிள்ளைக்கு ஒரு மறைப்பு. அதன் பின்னால் நின்றுகொண்டு, வேண்டுமானால் தன் வீட்டை எழுதலாம். வேண்டாமென்றால் மசூர் வண்டியை மட்டும் எழுதலாம். தேர்வு அந்தப் பிள்ளையினுடையது.

அந்த ஆறாம், ஏழாம் வகுப்பு நூல்களின் இடத்துக்கு இப்போது புதிய நூல்கள் வந்துவிட்டன. ஆறாம் வகுப்புக்கு 2024இல், ஏழாம் வகுப்புக்கு 2025இல். பழைய பிரதிகளைப் பத்திரப்படுத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குடியிருப்பில் தமிழ்ப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படிக்கிறோம். ஆண்டுக்கொரு முறை, டிசம்பர் 6 நெருங்கும்போது, அலிப்பூர் ரோடு 26ஆம் எண்ணுக்குப் போவோம். 1956இல் அம்பேத்கர் உயிர் நீத்த இடம். 2018இல் திறந்த நினைவகத்தை விரித்த புத்தக வடிவில் கட்டியிருக்கிறார்கள். அவர் மறைந்த அதே மாதத்தில்தான் மாண்ட்கோமரியில் பேருந்துப் புறக்கணிப்பு வெற்றியோடு முடிந்தது என்று அங்கே நின்று சொல்வேன்.

சென்ற ஆண்டிலிருந்து பிள்ளைகள் தாங்களாகவே ஒரு கதையை எடுத்திருக்கிறார்கள். ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்த மதராசி கேம்ப் பற்றியது. பல பத்தாண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து, தில்லி வீடுகளில் பாத்திரம் தேய்த்தும் கூலி வேலை செய்தும் வாழ்ந்தவர்களின் குடிசைகள். 2025 ஜூன் 1 அன்று நீதிமன்ற உத்தரவின்படி இடித்தார்கள். சுமார் 370 குடிசைகள். ஏறக்குறைய பாதிக் குடும்பங்களுக்குத்தான் மாற்று வீடு என்றார்கள், அதுவும் நகரின் வடகோடியில் நரேலாவில். அங்கிருந்த பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். எங்கள் குழுவில் சிலருக்கு அவர்கள் வகுப்புத் தோழர்கள்.

தேதி பேனா, குடிசைகளின் எண்ணிக்கை பேனா, புல்டோசர் பேனா. கதை சொல்லும் சிறுமி பென்சில், அவள் தூக்கிக்கொண்டு ஓடிய தையல் இயந்திரம் பென்சில். போன மாதம் ஒரு பையன் கடைசி அத்தியாயத்தை எழுதி வந்தான். எல்லாக் குடும்பத்துக்கும் நரேலாவில் சாவி கிடைத்துவிடுகிறது, பால் காய்ச்சுகிறார்கள். அவன் படித்து முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசவில்லை. பிறகு ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நோட்டை வாங்கி, ரப்பரால் அந்தப் பத்தியை அழித்துவிட்டு, "பாதிப் பேருக்குத்தானே கிடைச்சுது? மீதிப் பேரு அன்னிக்கு ராத்திரி எங்க படுத்தாங்கன்னு எழுதுவோம்," என்றாள். அது தெரிய வேண்டுமானால் நேரில் போய்க் கேட்க வேண்டும் என்று அந்தப் பையனே சொன்னான். அடுத்த ஞாயிறு யார் யார் வருகிறார்கள் என்று இப்போது பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.